வெளியே போன நரம்பு திரும்பி வருமா?

கோணேசபுரியிலிருந்து சித்த மருத்துவ மாணவி: சேர், கீழ்த்தாடைக்குப் போகிற மண்டிபுலர் நரம்பு, ஃபோராமென் ஓவேல் என்ற ஓட்டை வழியாக மண்டையோட்டை விட்டே போய்விடுகிறது. பிறகு எப்படி மூளையுறைக்குக் கிளை கொடுக்கும்?

போனது திரும்பி வருகிறது, தங்கச்சி. முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகிற ஐந்தாம் மண்டையோட்டு நரம்பின் இந்தப் பிரிவு வெளியே வந்த கையோடு ஒரு சின்னக் கிளையைப் பிரித்து விடும், அது பக்கத்தில் உள்ள ஃபோராமென் ஸ்பைனோசம் என்ற ஓட்டையால் மூளையுறைக்கு இரத்தம் கொண்டுபோகிற மிடில் மெனிஞ்சியல் தமனியோடு சேர்ந்து மறுபடி உள்ளே ஏறும். பெயர் நெர்வஸ் ஸ்பைனோசஸ். படத்தைப் பார்த்து இது மண்டையில் ஏறாது, எனக்கும் ஏறவில்லை. ஒரு மண்டையோட்டைக் கவிழ்த்து, ஓவேலுக்குப் பின்னால் சற்று வெளிப்புறமாக இருக்கிற ஓட்டையில் ஒரு தென்னை ஈர்க்கை விட்டுப் பாருங்கள். உள்ளே அது தலைகாட்டும் இடத்திலிருந்து ஒரு பள்ளம் கிளம்பி, மரக்கிளை மாதிரிப் பிரிந்து சுவரில் ஏறும். அது தமனியின் தடம். மோட்டார் சைக்கிளில் விழுந்தவர் எழும்பி நன்றாகக் கதைத்துவிட்டுப் பிறகு மயங்கினால் நாங்கள் முதலில் பயப்படுவது இந்தத் தமனி கிழிந்திருக்குமோ என்றுதான்.

நிலாவெளி வாசகி: சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். எழும்பி இருந்தால் தலையிடி, படுத்தால் இல்லை.

ஊசி துளைத்த இடத்தால் மூளையைச் சுற்றியுள்ள நீர் கசிந்திருக்கலாம். அப்போது நிமிர்ந்தால் மூளை கொஞ்சம் கீழே இறங்கும், உறை இழுபடும், உறையில் உள்ள நரம்பு கத்தும். பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும், அதற்காகப் பெனடோலைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்காதீர்கள். ஊசி போட்ட ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள், உங்கள் இரத்தத்தையே கொஞ்சம் எடுத்து முதுகில் செலுத்திக் கசிவை அடைக்கும் வழியும் இருக்கிறது. காய்ச்சல், கழுத்து விறைப்பு, வலிப்பு வந்தால் அன்றைக்கே ஓடுங்கள்.

கிண்ணியா வாசகர்: கண்ணுக்குப் பின்னால் வலி. இரண்டு தரம் கண்ணாடி மாற்றியாயிற்று.

சிறுமூளைக்கு மேல் கூடாரம் போல விரிந்த உறை மடிப்புக்கு, கண் பக்கம் போகிற அதே ஐந்தாம் நரம்பின் முதல் பிரிவிலிருந்துதான் கிளை பின்னோக்கிப் போகிறது, அதனால் பின்னால் நடக்கிற கோளாறு நெற்றியிலும் கண்ணிலும் வலிக்கலாம். கூடாரத்துக்குக் கீழே என்றால் மேல்கழுத்து நரம்புகளின் ராச்சியம், வலி பிடரிக்குப் போகும். உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்றாவது கண்ணாடிக்கு முதல் நரம்பியல் டொக்டரிடம் காட்டுங்கள்.

உப்புவெளி வாசகர்: மூளைக்கே வலி தெரியாதாமே?

தெரியாது. தலைத்தோலையும் உறையையும் மரக்கப் பண்ணிவிட்டு, நோயாளியோடு கதைத்துக்கொண்டே சில மூளைச் சத்திரசிகிச்சைகளைச் செய்கிறார்கள்.