வீட்டில மனம் விட்டுக் கதைக்கிறது: கேள்வி பதில்

கிளிநொச்சியில உளவளத்துணை வேலை செய்யிறனான். கேட்ட ஆக்களின்ர ஊரை மட்டும் போட்டிருக்கிறன், பேர் இல்லை.

புதுக்குடியிருப்பு: என்ர மனிசன் 2009 மே மாசம் காணாமல் போனவர். மகள் அப்ப கைக்குழந்தை. "அப்பா வருவார்" எண்டு சொல்லிச் சொல்லியே வளத்திட்டன். இப்ப எனக்கே நம்பிக்கை குறைஞ்சு போச்சு. அதை அவளிட்டைச் சொன்னால் அவரைக் கைவிட்ட மாதிரி ஆகாதோ அக்கா?

பதில்: ஆகாது அம்மா. இதை உளவியலில 'தெளிவற்ற இழப்பு' எண்டு சொல்லுறது. போலின் பொஸ் எண்ட அமெரிக்க ஆய்வாளர் 1970களில வைச்ச பேர். ஆள் இருக்கிறாரோ இல்லையோ தெரியாத இடத்தில மனம் ஒரு பக்கமா நிக்காது. காலமை வருவார் எண்டிருக்கும், பின்னேரம் இல்லையெண்டிருக்கும். ரெண்டும் பொய் இல்லை. ஒரு முடிவுக்கு வந்திட்டுத்தான் கதைக்கோணும் எண்டு காத்திருக்காதேங்கோ. "எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை, சில நாள் நம்புறன், சில நாள் ஏலாமல் கிடக்கு" எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ. அவளும் உங்களுக்காக நம்புற மாதிரி நடிச்சுக்கொண்டு இருக்கலாம்; கன வீடுகளில கண்டிருக்கிறன். சண்டை முடிஞ்ச நினைவு நாள் மே 18க்குக் கிட்ட மட்டும் வேண்டாம். காணாமல் போனவையைத் தேடி 2017இல இருந்து வீதியோரம் போராட்டம் இருக்கிற தாய்மாரோட நீங்களும் போய் இருக்கிறனீங்கள் எண்டால், கதைச்ச பிறகும் போங்கோ. சந்தேகம் வந்திட்டுது எண்டதுக்காகத் தேடுறதை விடத் தேவையில்லை.

முரசுமோட்டை: உழவு மெசின் லீசிங் ரெண்டு மாசம் கட்டேல்லை. மனிசிக்குத் தெரியாது. என்ன கேட்டாலும் எரிஞ்சு விழுறன்.

பதில்: உங்களுக்கு அவவில கோவம் இல்லைத் தம்பி, பயம். முதல்ல அதை உங்களுக்கே ஒத்துக்கொள்ளுங்கோ. பிறகு கட்டவேண்டிய முழுக் காசையும் கொப்பியில எழுதி, பிள்ளையள் படுத்தாப்பிறகு அவவிட்டைக் குடுங்கோ. அரைவாசிக் கணக்கு வேண்டாம். மிச்சத்தை லீசிங்காரர் வாசலில வந்து சொல்லுவினம். குடிச்சிட்டும் சொல்லாதேங்கோ.

மாங்குளம்: அழாமல் அடக்கினால் காலப்போக்கில பழகிப் போகாதோ?

பதில்: முகம் பழகியிடும். ஜேம்ஸ் குரொஸ், ரொபேட் லெவென்சன் எண்ட உளவியல் ஆய்வாளர் ரெண்டு பேரும் 1990களில ஆக்களுக்குப் படத்துண்டுகளைக் காட்டிப் பாத்தவை. முகத்தில காட்டாமல் அடக்கினவைக்கு உள்ளுக்கு இருந்த கவலை குறையேல்லை, உடம்பில பதட்டத்தின்ர அறிகுறியள்தான் கூடினது.

செட்டிகுளம்: எனக்குக் கதைக்க ஒருத்தரும் இல்லை.

பதில்: எழுதுங்கோ. ஜேம்ஸ் பென்னிபேக்கர் எண்ட உளவியல் ஆய்வாளர் 1986இல வெளியிட்ட ஆய்வில நாலு நாள், நாளுக்கு 15 நிமிசம் எழுதச் சொன்னவர். எழுதின கையோட மனம் இன்னும் பாரமாத்தான் இருக்கும், பயப்பிடாதேங்கோ. ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லை, கிழிச்செறிஞ்சாலும் சரி. ஆனால் சண்டைக் காலத்தில கண்டதுகளை எழுதி நித்திரை குழம்பினால் நிப்பாட்டிப்போட்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கோ, இல்லாட்டி 1926க்கு எடுங்கோ. அரசாங்க மனநல உதவி இலக்கம் அது.

வவுனியா: கனடாவில இருக்கிற மகன் எடுத்தால் எப்பவும் "நல்லா இருக்கிறம்" எண்டுதான் சொல்லுறது. சுகர் கூடினது அவனுக்குத் தெரியாது. பாவம், குளிருக்கை கஷ்டப்படுறான்.

பதில்: சொல்லுங்கோ ஐயா. ஊரில வேற ஆரும் சொல்லி அறிஞ்சால், பிறகு நீங்கள் உண்மையாவே நல்லா இருக்கேக்கையும் அவன் நம்பமாட்டான். காசுக்காகச் சொல்லேல்லை எண்டால் அதையும் சேத்தே சொல்லிவிடுங்கோ.