சென்சார் பொருத்திய பொம்மையை வைத்து ஆட்டிசம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பொம்மை மட்டும் அதைச் சொல்லிவிடாது. மதிப்பிடுபவருக்குக் கூடுதல் தகவல் தரும், அவ்வளவுதான்.

கார் பொம்மைக்குள்ளோ கட்டைக்குள்ளோ அசைவு, சுழற்சி, அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் சென்சார்களை வைக்கிறார்கள். குழந்தை காரை ஓட்டுகிறதா, ஒரே சக்கரத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறதா, எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்பதெல்லாம் நொடிக்குப் பல முறை பதிவாகும். இதையே வீடியோ பார்த்துக் குறித்தால் மணிக்கணக்காகும். பிடியின் அழுத்தமோ கண்ணுக்கே தெரியாது.

2016இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள 37 குழந்தைகளும் இல்லாத 45 குழந்தைகளும் பொம்மைக்குப் பதிலாக, சென்சார்கள் உள்ள டேப்லெட்டில் விளையாடினார்கள். தொடுகையையும் அசைவையும் மட்டும் வைத்துக் கணினி அதிகபட்சம் 93 சதவீதம் சரியாகப் பிரித்தது. அசத்தல்தான். ஆனால் இது ஆட்டிசமா, வேறு வளர்ச்சித் தாமதமா என்பதுதான் மருத்துவர்களுக்கு நிஜமான தலைவலி. அந்த ஒப்பீடு இதில் இல்லை.

சக்கரம் சுற்றுவதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று சொல்லிவிடவும் முடியாது. சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காத குழந்தை உண்டா என்ன? பெயர் சொன்னால் திரும்புகிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா என்பது போன்ற முக்கியமான அறிகுறிகள் பொம்மைக்கு எட்டாது. சந்தேகம் இருந்தால், 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்காகப் பெற்றோர் நிரப்பும் எம்-சாட் என்ற ஆட்டிசம் கேள்வித்தாளில் தொடங்கலாம். அப்புறம் குழந்தை வளர்ச்சி நிபுணரின் நேரடி மதிப்பீடு.