ஒரே பெயர், மூன்று பாடசாலைகள்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

எங்கள் பழைய மாணவர் சங்கம் அடுத்த ஆண்டு ஒரு மலர் வெளியிடுகிறது. கொழும்பின் அரச பாடசாலைகளில் படித்துப் புகழ்பெற்ற தமிழ் பேசுவோர் என்றொரு பகுதி அதில் இருக்கவேண்டும் என்று தீர்மானித்து, பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள். இணையத்தில் கண்டதையெல்லாம் சேர்த்ததில் நூறு பெயர்களுக்கு மேல் வந்துவிட்டன. ஒரே பெயர் மூன்று பாடசாலைகளில் நிற்கிறது. தமிழ் விமர்சகர்களான கைலாசபதியையும் சிவத்தம்பியையும் யாழ்ப்பாணத்தவர்கள் என்று விட்டுவிடவேண்டும் என்கிறார் குழுவில் ஒருவர். தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் வெஸ்லியா, சென். தோமஸா என்பதில் இன்னும் முடிவில்லை. எங்கிருந்து தொடங்குவது, எதை நம்புவது என்று எழுதுவீர்களா?

ஒரு பழைய மாணவர், கொழும்பு 6

*

அன்புள்ள நண்பருக்கு,

குழுவில் எழுந்த வாக்குவாதத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கைலாசபதியும் சிவத்தம்பியும் உங்கள் பட்டியலில் இருக்கவேண்டியவர்கள்தான். கைலாசபதி கோலாலம்பூரில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்து, பிறகு கொழும்பு றோயல் கல்லூரிக்கு வந்தவர். சிவத்தம்பி கரவெட்டி விக்னேஸ்வராக் கல்லூரியிலிருந்து கொழும்பு ஸாஹிறாக் கல்லூரிக்கு வந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். இருவரும் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய், பிறகு பேர்மிங்காமில் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தது பலருக்கும் தெரியும். ஆனால் இருவருமே பல்கலைக்கழகத்துக்குப் போனது கொழும்புப் பாடசாலைகளிலிருந்து என்பதை அநேகர் கவனிப்பதில்லை. ஊர்ப் பாடசாலையில் தொடங்கி, மேல்வகுப்புக்குக் கொழும்புக்கு வருவது தமிழ் மாணவர் பலருடைய பாதையாக இருந்தது. அப்படி வந்தவர்களை நீக்கினால், 20ஆம் நூற்றாண்டுக் கொழும்புத் தமிழ்ப் பட்டியலில் பாதி காணாமற்போய்விடும்.

ஆகவே பிறந்த ஊரைப் பார்க்கவேண்டாம். எந்தப் பாடசாலையில், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்புவரை என்று பாருங்கள். ஒருவர் இரண்டு மூன்று பாடசாலைகளில் வருவது தவறல்ல. தவறு எங்கே என்றால், வெறும் பெயரை மட்டும் போட்டு, அவர் முழுக்க எங்களுடையவர் என்ற தோற்றத்தைத் தருவதில். பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபாலவை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டே கிறிஸ்தவக் கல்லூரி, கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற், முகத்துவாரம் சென். தோமஸ், கொழும்பு அக்கடமி என்று அவர் படித்த இடங்கள் பல. மகிந்த ராஜபக்ஷ காலி றிச்மண்ட், கொழும்பு நாலந்தா, தேர்ஸ்டன் என்று மூன்றில் படித்தவர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை இன்றும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஆறாம் வகுப்பில் வேறு பாடசாலைக்கு மாற்றுகிறது. உயர்தரத்துக்கு இன்னொரு தடவை மாறுகிறவர்களும் உண்டு. மலரில் பெயருக்கு நேரே 'ஆரம்பப் பிரிவு', 'இடைநிலை', 'உயர்தரம்' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும். ஜே. ஆர். ஜயவர்தன சிறு வயதில் பிஷப்ஸ் கல்லூரியில் படித்துவிட்டு றோயலுக்குப் போனவர். பெண்கள் பாடசாலைப் பட்டியலில் ஓர் ஆணின் பெயரைக் கண்டதும் அச்சுப்பிழை என்று வெட்டிவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி செல்வநாயகம். குழப்பம் வருவதற்குக் காரணம், அவர் இரண்டு பாடசாலைகளோடும் தொடர்புள்ளவர் என்பதே. தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் சென். ஜோன்ஸ், அதன்பின் முகத்துவாரத்தில் அப்போதிருந்த சென். தோமஸ் கல்லூரி ஆகியவற்றில் படித்தார். 1918 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி விஞ்ஞானப் பட்டம் பெற்றார். சென். தோமஸில் கற்பித்தார், பிறகு வெஸ்லிக்கு ஆசிரியராகப் போனார். எனவே சென். தோமஸுக்கு அவர் பழைய மாணவர், வெஸ்லிக்குப் பழைய ஆசிரியர். இதே தவறு கல்விமான் ஏ. எம். ஏ. அஸீஸ் விடயத்திலும் நடக்கும். 1948 முதல் 1961 வரை ஸாஹிறாவின் அதிபராக இருந்தவர் என்பதால் அவரை அங்கே படித்தவராக எழுதிவிடுவார்கள். அவர் படித்தது யாழ்ப்பாணத்தில், வைத்தீஸ்வராவிலும் இந்துக் கல்லூரியிலும். பட்டியலைக் கையிலெடுத்ததும் ஒவ்வொரு பெயருக்கும் 'மாணவரா, ஆசிரியரா, அதிபரா, ஸ்தாபகரா' என்று கேட்டு அடையாளமிடுங்கள். தேவையில்லாத பெயர்கள் பல அந்த ஒரு கேள்வியிலேயே கழன்றுவிடும்.

செல்வநாயகத்தின் பெயர் இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. சென். தோமஸ் 1851 இல் முகத்துவாரத்தில் தொடங்கி, 1918 இல் கல்கிசைக்குப் போனது. இன்று அது கொழும்பு மாநகர எல்லைக்கு வெளியே, தெஹிவளை கல்கிசை மாநகரசபைக்குள் இருக்கிறது. செல்வநாயகம் படித்த காலத்தில் நகரத்துக்குள் இருந்தது. இரத்மலானை இந்துக் கல்லூரியும் நகர எல்லைக்கு வெளியேதான். அதன் பெயரும் கொழும்பு இந்துக் கல்லூரி, பம்பலப்பிட்டியில் உள்ளதன் பெயரும் கொழும்பு இந்துக் கல்லூரி. இணையத்தில் இவ்விரண்டின் பழைய மாணவர்களும் கலந்துகிடப்பார்கள். வெறுமனே 'கொழும்பு இந்து' என்று எங்கே கண்டாலும், பம்பலப்பிட்டியா இரத்மலானையா என்று உறுதியாகும்வரை அந்தப் பெயரை ஏற்றவேண்டாம். எல்லையை எப்படி வைப்பது என்பது உங்கள் குழுவின் முடிவு. மாவட்டம் முழுவதையும் எடுப்பது நல்லது என்பது என் கருத்து. எதை எடுத்தாலும் முதற்பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

'அரச பாடசாலை' என்ற வரையறையை இதைவிடக் கவனமாகக் கையாளவேண்டும். றோயல் 1836 முதல் அரசின் பாடசாலை. ஆனந்தா அப்படியல்ல. 1886 இல் பிரம்மஞான சங்கத்தார் தொடங்கியது. உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க வழிசெய்த சட்டங்கள் 1960 இலும் 1961 இலும் வந்தன. அப்போது சில பாடசாலைகள் அரசிடம் போகாமல், கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றன. இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா ஆனந்தாவில் படித்த காலத்தில் அது அரச பாடசாலையாக இருக்கவில்லை. இன்றைய நிலையை வைத்துப் பார்த்தால் அவர் உள்ளே வருவார், அன்றைய நிலையை வைத்துப் பார்த்தால் வெளியே போவார். இன்றைய நிலையைக் கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஆனால் கண்டிப்பாக அரச பாடசாலை மட்டும் என்று நின்றால் தமிழ் பேசுவோர் பக்கம் பெரிய இழப்பு வரும். ஜீ. ஜீ. பொன்னம்பலம், சி. சுந்தரலிங்கம், இலண்டனில் இன ஒடுக்குமுறைக்கு எதிராக எழுதிய அ. சிவானந்தன் மூவரும் மருதானை புனித சூசையப்பர் கல்லூரியில் படித்தவர்கள். 1948 இல் பிரட்மனின் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் அணி கொழும்பில் விளையாடியபோது இலங்கை அணிக்குத் தலைமைதாங்கிய மகாதேவன் சதாசிவம் வெஸ்லி மாணவர். சிவத்தம்பியின் ஸாஹிறாவும் முழு அரச பாடசாலை அல்ல. பகுதியை இரண்டாகப் பிரித்து, அரச பாடசாலைகள் முதலில், மற்றவை பின்னால் என்று போடுங்கள். தலைப்பில் 'அரச' என்ற சொல்லை எடுத்துவிடலாம். சங்கத்தில் யாராவது ஆட்சேபித்தால் சதாசிவத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

ஆண்டுகளை வைத்துச் சோதிப்பது அரை நாளில் முடிகிற வேலை, நிறையத் தவறுகளைப் பிடித்துத்தரும். டி. எஸ். சேனாநாயக்க கல்லூரி 1967 இல் தொடங்கியது, நாலந்தா 1925 இல், ஸாஹிறா 1892 இல். அதற்கு முன்னரே பள்ளிப்படிப்பை முடித்த ஒருவர் அங்கே நின்றால் அது பிழை. றோயல் என்ற பெயர் 1881 இல்தான் வந்தது. அதற்கு முன் அது கொழும்பு அக்கடமி. பொன்னம்பலம் இராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம், அவர்களுடைய தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி ஆகியோரைப் பற்றிய பழைய பதிவுகளில் றோயல் என்று தேடினால் கிடைக்காது. முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1877 இல் கொழும்பில் பிறந்தாலும், குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே படித்தவர். தகப்பன் படித்த பாடசாலையை மகனுக்கும் எழுதிவிடாதீர்கள்.

தமிழ்ப் பெயர்கள் பட்டியல்களில் தொலைவதற்கும் இரட்டிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் முதலெழுத்துத்தான். பொன்னம்பல முதலியாரின் பிள்ளைகள் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் மூவருக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'பி'. குமாரசுவாமி என்ற பெயரோ மாமனுக்கும் உண்டு, மருமகனுக்கும் உண்டு. இருவரும் ஆங்கிலேயர் காலச் சட்டமன்றமான சட்டநிரூபண சபையில் இருந்தவர்கள். 'குமாரசுவாமி, சட்டநிரூபண சபை' என்ற குறிப்பை மட்டும் வைத்து யாரையும் ஏற்றமுடியாது. தகப்பனார் பெயரும் பிறந்த ஆண்டும் கட்டாயம் வேண்டும். எழுத்துக்கூட்டல் இன்னொரு தொல்லை. செல்வநாயகம், சுந்தரலிங்கம் போன்ற பெயர்களை ஆங்கிலப் பதிவுகளில் எஸ் வரிசையிலும் சி-எச் வரிசையிலும் தேடவேண்டும். திருச்செல்வத்தை 'டி' யில் 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் தேடவேண்டும். சிங்களத்தில் எழுதப்பட்ட இடாப்பாக (பதிவேடாக) இருந்தால் சிங்களம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயரை உரக்கச் சொல்லித் தேடுங்கள். கண்ணால் மட்டும் தேடினால் தப்பிவிடும்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். மலர்களில் அவர்கள் குறைவாக வருவதற்கு ஒரு காரணம், இடாப்பில் இருப்பது மணமாவதற்கு முந்திய பெயர். புனித பிரிஜற் கன்னியர்மடத்தின் பழைய இடாப்பில் சிறிமாவோ பண்டாரநாயக்கவைத் தேடினால் கிடைக்கமாட்டார், சிறிமா ரத்வத்தவைத் தேடவேண்டும். இராமநாதன் இந்து மகளிர், சைவ மங்கையர், முஸ்லிம் மகளிர், விசாகா என்று ஒவ்வொரு பாடசாலைக்கும் முதலில் தகப்பனார் பெயரோடு ஒரு தேடல்பட்டியல் செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் 'பெண்கள் அதிகம் கிடைக்கவில்லை' என்று மலரில் எழுதவேண்டாம்.

சான்றுகளுக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் வலுவானது பாடசாலையின் சேர்வு இடாப்பு. சேர்விலக்கம், சேர்ந்த திகதி, முழுப்பெயர், பிறந்த திகதி, பாதுகாவலர், முன்பு படித்த பாடசாலை, சேர்ந்த வகுப்பு, விலகிய திகதி எல்லாம் அதில் ஒரே வரியில் இருக்கும். அதிபருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 'புகழ்பெற்றவர்களைத் தேடித் தாருங்கள்' என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. இருபது பெயர், தகப்பனார் பெயர், சேர்ந்திருக்கக்கூடிய ஐந்தாண்டு எல்லை என்று ஒரு தாளில் கொடுத்தால் அலுவலகத்தில் எடுத்துப் பார்ப்பார்கள். ஆரம்பப் பிரிவுக்கும் மேற்பிரிவுக்கும் தனித்தனி இடாப்பு இருக்கலாம். விலகித் திரும்பச் சேர்ந்தவருக்கு இரண்டு இலக்கங்கள் இருக்கலாம். பிறந்த திகதி வயதெல்லைக்காக மாற்றி எழுதப்பட்டதும் உண்டு, அதை மட்டும் வேறிடத்தில் சரிபாருங்கள். பக்கத்தைப் படம் பிடிக்காதீர்கள். அதில் மற்றப் பிள்ளைகளின் விபரங்களும் இருக்கின்றன. தேவையான வரியை மட்டும் எழுதி, எழுதிய திகதியையும் குறியுங்கள்.

இடாப்பு இல்லையென்றால், அக்காலக் கல்லூரி மலரில் வரும் பரிசுப்பட்டியல், விளையாட்டு அணிப் படம், பரீட்சைப் பெறுபேறு. 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பாடசாலை மலர்கள் ஏராளம், இலவசமாகவே பார்க்கலாம். பழைய பத்திரிகைகளுக்குக் கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போங்கள்.

நமக்கே உரிய ஒரு சான்றும் இருக்கிறது. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிடுகிற 'கல்வெட்டு' என்ற நினைவு நூல். இறந்தவர் எங்கே பிறந்தார், எந்தெந்தப் பாடசாலையில் படித்தார், யாரை மணந்தார் என்று அதில் வரிசையாக இருக்கும். ஆங்கில ஆதாரங்களில் எங்கும் அகப்படாத ஊர்ப் பாடசாலையின் பெயர்கூட அங்கே கிடைக்கும். ஆண்டுகள் நினைவிலிருந்து எழுதப்பட்டவை, புகழ்ச்சியும் கலந்திருக்கும். பாடசாலையின் பெயருக்கு நம்பலாம், ஆண்டுக்கு நம்பவேண்டாம். பாராளுமன்ற உறுப்பினர்களாக இருந்து மறைந்தவர்களுக்குப் பாராளுமன்ற உரைப்பதிவான ஹன்சாட்டில் அனுதாபப் பிரேரணை இருக்கும். சக உறுப்பினர்கள் பள்ளிக்கூடக் கதைகளையும் பேசியிருப்பார்கள்.

எதை நம்பக்கூடாது என்பதும் முக்கியம். இணையத்தில் ஒரு பட்டியல் வருகிறது, ஒரு பத்திரிகைக் கட்டுரை அதைப் பார்த்து எழுதுகிறது, பிறகு அந்தக் கட்டுரையே பட்டியலுக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. மூன்று இடத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் அது ஒரே சான்றுதான். 2000 க்கு முன் அச்சான ஏதாவது ஒன்றில் அதே தகவல் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் அ, ஆ, இ என்று தரமிடுங்கள்: இடாப்பும் அக்கால அச்சும் 'அ', அவரே சொன்னது, ஹன்சாட், கல்வெட்டு 'ஆ', மற்றதெல்லாம் 'இ'. 'இ' எதுவும் மலரில் போகக்கூடாது. நூறு பெயர் நாற்பதாகக் குறைந்தால் குறையட்டும்.

யாரைச் சேர்ப்பது என்பதில் என் எண்ணம் கடுமையானது. பதவி மட்டும் போதாது, சங்கத்துக்குப் பணம் தந்தது தகுதியே அல்ல. அவரோடு தொடர்பில்லாத ஒருவர் அவருடைய வேலையைப் பற்றி எழுதி அச்சிட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். நீலன் திருச்செல்வம், சி. வி. விக்னேஸ்வரன், எம். ஏ. சுமந்திரன் மூவரும் றோயலில் படித்தவர்கள். மூவரின் அரசியலையும் ஒருசேர ஏற்றுக்கொள்கிற வாசகர் அதிகம் இருக்கமாட்டார். படித்தது உண்மை, பணி பொதுவெளியில் இருக்கிறது, ஆகவே மூவரும் வரவேண்டும். பிடிக்காதவரை விட்டுவிட்டால் மற்றப் பெயர்களையும் யாரும் நம்பமாட்டார்கள். அரசியல்வாதிகளாலேயே பக்கங்கள் நிரம்பிவிடாமலும் பாருங்கள். விஞ்ஞானிகள், தாதியர், ஒலிபரப்பாளர், கணக்கியலாளர், விளையாட்டு வீரர் பற்றிய செய்திகள் கல்லூரி மலர்களின் பின்பக்கங்களில் கிடக்கின்றன, அவற்றைத் தேடவே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

உயிரோடிருப்பவர்களுக்கு அவர்களைப் பற்றிய இரண்டு வரியையும் அனுப்பி, ஒரு மாதத் தவணை கொடுங்கள். பிறந்த திகதியும் விலாசமும் அச்சிடவேண்டாம். மறைந்தவர்களின் குடும்பங்களுக்கும் அனுப்புங்கள். கல்வெட்டுப் பிரதி பலவேளை அங்கேதான் கிடைக்கும். அச்சுக்குக் கொடுத்த பிறகு அந்த அ, ஆ, இ குறிப்பேட்டின் ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். அடுத்த மலருக்கு வேலை செய்கிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.