அம்மாவுக்கு அனுப்பிய படம்

வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதும் அன்புள்ள அம்மாவுக்கு,

நான் மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்தவள். வயது 21. ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரில் மருந்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா தமிழர், அம்மா சீனர். எங்கள் நாட்டில் பெரும்பாலும் அப்பாவின் இனத்தைத்தான் பிள்ளைக்கும் எழுதுவார்கள். அதனால் என் பிறப்புப் பத்திரத்தில் 'இந்தியர்' என்று இருக்கும். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. அப்பாவோடு தமிழ், அம்மாவோடு கன்டோனீஸ். சீனாவின் பொதுமொழியான மாண்டரின் வராது.

வீட்டில் தீபாவளியும் சீனப் புத்தாண்டும் தடபுடலாக நடக்கும். ஆனால் எனக்கு உயிர் துங்சி என்கிற சீனக் குளிர்காலப் பண்டிகைதான். டிசம்பர் 21 அல்லது 22இல் வரும். அரசு விடுமுறைகூடக் கிடையாது. சாயங்காலம் போபோ, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, வந்து புளுட் அரிசி, அதாவது ஒட்டும் அரிசி, மாவு பிசைவார். அவர் ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர். மாவில் ஒரு துண்டைக் கிள்ளி வேகவைத்து, அதை மறுபடி மாவோடு சேர்த்துப் பிசைந்தால்தான் உருண்டை வெடிக்காது என்பார். பாதி இளஞ்சிவப்பு, பாதி வெள்ளை. சுண்டைக்காய் அளவுதான் இருக்கும், உள்ளே ஒன்றும் வைக்க மாட்டோம். இஞ்சியும் பாண்டான் என்கிற வாசனை இலையும் போட்டுக் கொதித்த சர்க்கரைத் தண்ணீரில் மிதக்கும். அதற்கு 'தொங் யுன்' என்று பெயர். அப்பாவுக்கு அது "பாலில்லாத பால் கொழுக்கட்டை". சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்று போபோ சொல்வதை நம்பி, சின்ன வயதில் இரண்டு கிண்ணம் காலி செய்வேன்.

போன வருடம் இங்கே என் முதல் துங்சி. கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதியே காலியாகிவிட்டது. காலை 11 மணிக்கு அம்மா கூப்பிட்டார். ஈப்போவில் அப்போது இரவு 7 மணி, எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "நானும் தோழிகளோடு ராத்திரி செய்யப்போகிறேன்" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் சீன மாணவர்கள் சிலர் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். போனேன். அவர்கள் வட சீனாக்காரர்கள். அங்கே துங்சிக்கு ஜியாவ்ஸிதான், மோமோ மாதிரி இருக்கும். எல்லாரும் மாண்டரினில் பேசிச் சிரித்தார்கள். ஒருத்தி என்னிடம் அன்பாக, "எங்கள் பண்டிகைக்கு ஒரு வெளிநாட்டவர் வந்தது எவ்வளவு சந்தோஷம்!" என்றாள். தட்டில் இருந்ததைக்கூட முடிக்காமல் அறைக்கு வந்து படுத்துவிட்டேன். அதற்கு முன்பு இந்திய மாணவர்களின் தீபாவளியில் "நீ நேபாளமா?" என்று கேட்டிருந்தார்கள்.

மறுநாள் அம்மா படம் கேட்டார். இணையத்திலிருந்து ஒன்றை எடுத்து அனுப்பினேன். ஒரு உருண்டையை வெட்டி வைத்திருந்தார்கள், உள்ளேயிருந்து கறுப்பு எள் வழிந்தது. அம்மா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, அத்தைமார் வரை பாராட்டிவிட்டார்கள். அந்த விடுமுறையில் இரண்டு வாரம் நான் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை.

"இந்த வருஷமும் செய்வேதானே?" என்று அம்மா இப்போதே கேட்கிறார். அந்தப் பொய் உறுத்துகிறது. இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல் இருக்கிற எனக்கு எதற்கு இந்தப் பண்டிகை? பேசாமல் விட்டுவிடலாமா அம்மா?

— ஈப்போ மகள்

*

அன்பு மகளுக்கு,

நீ போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயத்தில்தான் நான் நின்றுவிட்டேன். உங்கள் வீட்டு உருண்டைக்குள் ஒன்றும் கிடையாது. நீ அனுப்பிய படத்தில் எள் வழிகிறது. வருடா வருடம் அந்த மாவை உருட்டிய கைக்கு இது தெரியாமலா போயிருக்கும்? சத்தியம் செய்து சொல்ல என்னால் முடியாது. ஆனால் விடுதியிலிருந்த என் மகன் "சாப்பிட்டேன்மா" என்று சொல்லும்போதே அவன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் பல நாள் கேட்காமல் விட்டிருக்கிறேன். உன் அம்மாவும் அப்படி விட்டிருக்கலாம்.

அவரிடம் சொல்லிவிடு. பெரிய மன்னிப்பெல்லாம் வேண்டாம். "போன வருஷம் நான் செய்யலம்மா, அது என் படம் இல்லை. இந்த வருஷம் கூடவே இருந்து சொல்லிக்கொடு." கன்டோனீஸில் சொல். சமையலறையில் அவரோடு பேசிய பாஷை அதுதானே.

அந்தப் பெண் சொன்னதற்கு வருகிறேன். அவளும் வீட்டை விட்டு வந்தவள். உன் முகத்தைப் பார்த்து ஊகித்துவிட்டாள், அவ்வளவுதான். அதற்காக உனக்கு வலித்திருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் "நீ யார்?" என்று கேட்டால் யாருக்கும் வலிக்கும். ஆனால் அவள் சாப்பிடும் ஜியாவ்ஸியும் உன் தொங் யுன்னும் வேறு வேறு என்று நீயே எழுதியிருக்கிறாய். சீனாவுக்குள்ளேயே வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று. இதில் எது அசல்? உன் போபோவின் கிண்ணத்தில் இருக்கும் பாண்டான் வாசனை மலேசியாவில் வந்து சேர்ந்தது. ஈப்போ இருக்கிற கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்குத் தென் சீனாவிலிருந்து வந்த ஜனங்கள், அங்கே கொல்லையில் கிடைத்த இலையையும் பானையில் போட்டுக்கொண்டார்கள். நீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பண்டிகை கலந்துதான் இருந்தது.

இன்னொன்று. துங்சி, வருடத்திலேயே மிக நீண்ட இரவின் பண்டிகை. ஈப்போவில் பகலும் இரவும் ஆண்டு முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம்தான், அங்கே அதை யார் கவனித்தார்கள்? கிளாஸ்கோவில் அன்று காலை எட்டே முக்கால் மணிக்குத்தான் விடியும், 4 மணிக்குள் இருட்டிவிடும். மறுநாளிலிருந்து பகல் நீளும். அந்த நாளை எதற்குக் குறித்தார்களோ, அதை உன் போபோ கண்ணால் பார்த்ததில்லை, நீ பார்க்கிறாய். (சூரியன் வடக்கே திரும்புகிறது என்ற கணக்கில்தான் அப்பா வீட்டில் மூன்று வாரம் கழித்துப் பொங்கல் வைக்கிறார்கள். அதையும் அவரிடம் சொல்லிப் பார்.)

அந்த இரண்டு வாரம்தான் எனக்குக் கவலை. வீட்டு நினைப்பு வேறு, மனச்சோர்வு வேறு. வெளிச்சம் குறைந்த குளிர்காலத்தில் சிலருக்கு மனம் நிஜமாகவே அமுங்கிவிடும். தினமும் மதியம் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரமாவது வெளியே நட. தூக்கமும் பசியும் குலைந்து இரண்டு வாரம் தாண்டினால், பல்கலைக்கழகத்தில் உள்ள ஆலோசகரையோ மருத்துவரையோ பார். மருந்தியல் படிக்கிறாய், இதில் வெட்கம் எதற்கு?

விடுமுறையில் விடுதியில் யார் யார் தங்குகிறார்கள் என்று இப்போதே கேட்டு வை. அந்தப் பெண்ணையும் கூப்பிடு. விருந்துக்கு என்று கூப்பிடாதே, உருட்டக் கூப்பிடு. மாவு சீனக் கடையில் கிடைக்கும். அவசரத்துக்கு இடியாப்ப மாவை எடுத்துவிடாதே, அது ஒட்டாமல் உதிர்ந்துவிடும். காலை 11 மணிக்கு அம்மாவை வீடியோவில் பிடித்து, போபோவையும் பக்கத்தில் உட்காரச் சொல். மாவை எப்போது கிள்ளி வேகவைப்பது என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.

உருண்டை வெடித்தாலும் பரவாயில்லை, இந்தத் தடவை அந்தப் படத்தையே குழுவில் போடு.