டொலுயீன் அளவு வரம்புக்குள் இருந்தால் கம்பெனிக்குப் பொறுப்பில்லையா?

கேள்வி: ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் பிரிவில் நான்கு வருடமாக இருக்கிறேன். தினமும் தலைவலி, கிறுகிறுப்பு. கேட்டால், "பசையிலிருந்து காற்றில் கலக்கும் டொலுயீன் என்ற கரைப்பான் 60 பிபிஎம்தான் (பத்து லட்சம் பங்கு காற்றில் 60 பங்கு), சட்டப்படி 100 வரை இருக்கலாம்" என்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, அந்த 100 எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்கிறேன். போபால் விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி ரசாயன வரம்புகளின் அட்டவணையைச் சேர்த்தார்கள். அதிலுள்ள எண்கள் பெரும்பாலும் ஏசிஜிஐஎச் என்ற அமெரிக்க நிபுணர் சங்கத்தின் பட்டியலை ஒட்டியவை. அந்தச் சங்கமே பிறகு டொலுயீனை 20-க்கு இறக்கிவிட்டது. பார்வை பாதிப்பும் கருச்சிதைவும் அதற்கான காரணங்களில் உண்டு. நம் அட்டவணை 100-லேயே நின்றுவிட்டது. பெண்கள் நிறைந்த பிரிவில் இந்த எண்ணைக் காட்டி வாயை அடைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

60 என்பதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வரம்பு 8 மணி நேரச் சராசரிக்கு உரியது. நீங்கள் ஓவர்டைம் பார்த்து 10 மணி நேரம் அதே காற்றில் இருந்தால், 8 மணி நேரக் கணக்கில் அது 75 (60 × 10 ÷ 8) ஆகிவிடும். அளக்கும் கருவியை உங்கள் சட்டைக் காலரில், மூக்குக்குப் பக்கத்தில் மாட்டினார்களா, இல்லை ஜன்னல் ஓரம் வைத்தார்களா? பசையில் ஹெக்சேன் என்ற இன்னொரு கரைப்பானும் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையால் பசை தொட்டால் தோல் வழியாக உடம்புக்குள் போவது காற்றை அளந்தால் தெரியாது.

சரி, சட்டம். பழைய தொழிற்சாலைகள் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 6-வது பிரிவு, நோய் உண்டாக்கக்கூடிய ஆபத்து இல்லாமல் பணியிடத்தை வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது. அளவு வரம்புக்குள் இருந்தால் அந்தக் கடமை தீர்ந்தது என்று அதில் இல்லை. உங்கள் உடல்நலம் தொடர்பான தகவலைக் கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. அளவீட்டு அறிக்கை, பசையின் பாதுகாப்புத் தகவல் தாள் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் மனு கொடுங்கள்.

அப்புறம் ஈஎஸ்ஐ. அதன் தொழில்நோய்ப் பட்டியலில் பென்சீனும் அதன் நச்சு இனச் சேர்மங்களும் இருக்கின்றன. டொலுயீன் அந்த இனம்தான். டொலுயீனால் நோய் வந்ததாக உறுதியாகி, நீங்கள் ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலையில் இருந்திருந்தால், அதை வேலையால் வந்த பாதிப்பாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. பிபிஎம் எவ்வளவு என்பது அங்கே கேள்வியே இல்லை. ஆகவே ஈஎஸ்ஐ மருத்துவரிடம் வெறும் தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கி வராதீர்கள். எந்தப் பசையில், தினம் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள் என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.