அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் ஒன்றைத் தேவையில்லை என்று கழற்றிய பிறகு மிஞ்சும் இரண்டு பைப்பையும் இணைத்துவிடலாமா?

கூடவே கூடாது. பிரிட்டன் வீடுகளில் வழக்கமாக உள்ள அமைப்பில் பாய்லரிலிருந்து சுடுநீர் ஒரு பைப்பில் வரும், ஆறிய நீர் இன்னொன்றில் திரும்பும். இரண்டையும் இணைத்தால் தடையில்லாத அந்தக் குறுக்குவழியிலேயே பெரும்பகுதி நீர் பாய்லருக்குத் திரும்பிவிடும். மற்ற ரேடியேட்டர்கள் சரியாகச் சூடாகாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடைக்க வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். மற்ற எல்லாவற்றிலும் அறையின் சூட்டுக்கேற்பத் தானாகத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு இருந்து, நீங்கள் எடுக்கப்போவதில் மட்டும் இல்லையென்றால், அது பெரும்பாலும் பைபாஸாக விடப்பட்டது. மற்றவை மூடிக்கொள்ளும்போது பம்புக்கு அதுதான் வழி. எடுப்பதானால் தானியங்கி பைபாஸ் வால்வு ஒன்று வேண்டும். விறகு, நிலக்கரி அடுப்போடு இணைந்த ரேடியேட்டராக இருந்தால் தொடவே வேண்டாம். மிகைச்சூட்டை வெளியேற்றும் பாதுகாப்பு வழியாக அது இருக்கலாம்.

சுவருக்குப் பெயின்ட் அடிக்க மட்டும் கழற்றுவதென்றால் இரு வால்வையும் மூடினால் போதும். ஆனால் தெர்மோஸ்டாட் தலையைப் பனிக்குறியில் (*) வைத்துவிட்டு நம்பாதீர்கள். அறை சுமார் 6, 7 டிகிரிக்கு இறங்கினால் அது தானாகத் திறந்துகொள்ளும், கம்பளம் நனையும். தலையைக் கழற்றி, அழுத்தி மூடும் பிளாஸ்டிக் மூடியைத் திருகுங்கள். வால்வின் வாயிலும் அடைப்பு மூடி போடுங்கள். மறுமுனையில் நீரோட்ட அளவைக் கட்டுப்படுத்தும் லாக்ஷீல்டு வால்வை வலஞ்சுழியாக எத்தனை சுற்றில் மூடினீர்கள் என்று குறித்துவையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே அளவு திறக்க வேண்டும்.

நிரந்தரமாக எடுப்பதானால் வழக்கமாக முழு அமைப்பின் நீரையும் வடிக்க வேண்டும். பாய்லரை அணைத்து ஆற விடுங்கள். பரணில் சிறு தொட்டி இருந்தால் மிதவை வால்வைக் கட்டி நிறுத்துங்கள். கீழ்த்தளத்தில் உள்ள வடிகுழாய்த் திருகில் ஹோஸ் மாட்டி வெளியே விட்டு, மேல்மாடியிலிருந்து தொடங்கி ரேடியேட்டர்களின் காற்றுத் திருகுகளைத் திறந்துவிடுங்கள். எல்லாம் வடிந்தாலும் ரேடியேட்டரின் அடியில் கறுப்பு நீர் தேங்கியிருக்கும், அந்தக் கறை லேசில் போகாது. பழைய துண்டுகளை விரித்து, இருவராகத் தூக்குங்கள்.

பைப்பைத் தரைமட்டத்தில் வெட்டி மூடுவது சுலபம்தான், ஆனால் அரைகுறை வேலை. தரைப்பலகையைத் தூக்கி, கிளை பிரியும் இடத்துக்கு அருகிலேயே வெட்டுங்கள். பெரும்பாலும் 15 மி.மீ. செம்புப் பைப்பு, சில வீடுகளில் 10 அல்லது 8. அதே அளவு முனைமூடி வாங்குங்கள். பலகைக்கு அடியில் மறையும் இடத்துக்கு, நெருப்பைக் கையாளத் தெரிந்தவருக்குச் சாலிடர் மூடிதான் என் தேர்வு.

நிரப்பும்போது துருத்தடுப்பு திரவம் மறக்காதீர்கள், பொதுவாக 100 லிட்டர் நீருக்கு 1 லிட்டர். பரண் தொட்டி இல்லாத மூடிய அமைப்பானால் குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை ஏற்றி, கீழிருந்து மேலாகக் காற்றை வெளியேற்றி, அழுத்தத்தை மறுபடி சரிசெய்யுங்கள். ஒரு நாள் முழுக்கச் சூடாக்கி ஆறவிட்ட பிறகும் அழுத்தமானியின் முள் இறங்கியிருந்தால் முதலில் முனைமூடிகளைத் தடவிப் பாருங்கள். பலகையை அதுவரை ஆணியடிக்க வேண்டாம்.