தர்பூசணித் தோல் ஊறுகாய் ஒரு தடவை ரப்பர், ஒரு தடவை கூழ்: எங்கே தப்பு?

இரண்டு தடவை போட்டிருக்கிறீர்கள். முதல் தடவை ரப்பர் மாதிரி இழுத்தது, அடுத்த தடவை கூழாகிவிட்டது. சுண்ணாம்பு சேர்த்தால் சரியாகுமா, வெளியில் எத்தனை நாள் வைக்கலாம் என்று கேட்கிறீர்கள். கீழே ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் பாதிப் பேர், குப்பையில் போக வேண்டியதை எதற்கு ஊறுகாய் போடுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோல். தர்பூசணி வெள்ளரிக் குடும்பம். அந்த வெள்ளைப் பகுதி சொந்த ருசி அதிகம் இல்லாத, இறுக்கமான காய். பாகையும் புளிப்பையும் அதைப் போல உறிஞ்சுகிற காய்கள் குறைவு. அதைக் குப்பை என்று சொல்ல மனம் வரவில்லை.

நீங்கள் செய்ததை இப்படி ஊகிக்கிறேன். முதல் தடவை பச்சைத் துண்டுகளை அப்படியே வினிகர் பாகில் போட்டுக் கொதிக்கவிட்டிருப்பீர்கள். இழுவையாகிவிட்டதே என்று பயந்து, அடுத்த தடவை வெறும் தண்ணீரில் அரை மணி நேரம் வேகவிட்டிருப்பீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தோல் வெந்து இளகுவது வெறும் தண்ணீரில் மட்டும்தான். சர்க்கரையும் அமிலமும் உள்ளே போன நொடியில் அதன் நார் இறுகிவிடும். பிறகு எத்தனை மணி நேரம் கொதித்தாலும் இளகாது. அடர்ந்த பாகு துண்டுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடும். அப்போது துண்டு சுருங்கிச் செருப்புத் தோல் மாதிரி ஆகும். ஆகவே முதலில் தண்ணீரில் சரியான அளவு வேக வேண்டும், பிறகுதான் பாகு. அந்த "சரியான அளவு" பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். அரை மணி நேரம் என்றால் கூழ்தான்.

அளவு சொல்கிறேன். இது சுமார் 700 மில்லி ஊறுகாய்க்கு. தோல் சீவாமல், சிவப்புச் சதையை எடுத்த நிலையில் 900 கிராம். ஊறவைக்க 1 லிட்டர் தண்ணீர், 70 கிராம் உப்பு, இரண்டு மூன்று கை ஐஸ் கட்டி. பாகுக்கு 600 கிராம் சர்க்கரை, 5 சதவீத அசிட்டிக் அமிலம் உள்ள வினிகர் 240 மில்லி, தண்ணீர் 240 மில்லி. கிராம்பு 16, ஒரு அங்குலப் பட்டை 2, விதை நீக்கி மெல்லியதாக நறுக்கிய எலுமிச்சை வட்டம் நாலைந்து. உப்பு அயோடின் சேர்க்காததாகவும், கட்டி பிடிக்காமல் இருக்க மருந்து கலக்காததாகவும் இருந்தால் நல்லது. அந்தக் கலப்புகளால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. பாகு கலங்கும், அவ்வளவுதான்.

பழத்தை வெட்டும் முன்னால் வெளிப்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மண்ணில் கிடந்த பழம். கத்தி வெளியிலிருக்கும் அழுக்கை நேராக உள்ளே கொண்டுபோகும். தோல் ஒரு விரல் தடிமன் இருக்கும் பழமாகப் பாருங்கள். மெல்லிய தோல் உள்ள ரகங்களில் சீவியபின் மிஞ்சுவது கொஞ்சம்தான், வேகும்போது அதுவும் மடிந்துபோகும். அதிகமாகப் பழுத்து உள்ளே மணல் மணலாக இருக்கும் பழத்தின் தோலும் வேண்டாம்.

சீவுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். முழுத் தோலை உருட்டி உருட்டிச் சீவினால் பீலர் வழுக்கும். முதலில் மூன்று சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். பட்டையைப் பலகையில் படுக்கவைத்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்துப் பச்சையை ஒரே இழுப்பில் எடுங்கள். கரும்பச்சை போனதும் நிறுத்திவிடாதீர்கள். அதற்கு அடியில் வெளிர்பச்சையாக ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும், நகத்தால் கீறினால் கீறல் விழாது. அது எவ்வளவு வெந்தாலும் பல்லில் மாட்டும். நகம் எளிதாக இறங்கும் வெள்ளை தெரியும்வரை சீவ வேண்டும். உள்பக்கம் சிவப்பையும் முழுக்க எடுத்துவிடுங்கள். அழகுக்காக ஒரு கோடு சிவப்பு விடச் சொல்வார்கள்; ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்தில் தின்று முடிப்பதென்றால் விடலாம். நாள்பட வைக்கும் ஊறுகாயில் அந்தச் சிவப்பு கரைந்து, பாகில் நூல் நூலாக மிதக்கும். பிறகு இரண்டரை சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள். எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். சின்னதும் பெரியதும் கலந்தால் சின்னது குழையும்போது பெரியது வேகாமல் இருக்கும்.

உப்புத் தண்ணீரில் துண்டுகளைப் போட்டு, ஐஸ் கட்டிகளைப் பரப்பி, மேலே ஒரு தட்டு வைத்து மூழ்கடித்து 5 முதல் 6 மணி நேரம் விடுங்கள். உப்பு காயின் நீரைக் கொஞ்சம் எடுக்கிறது, குளிர்ச்சி இறுக்கம் கொடுக்கிறது. பிறகு வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள்.

இப்போது வேகவைப்பது. துண்டுகள் மூழ்கும்வரை புதுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றுங்கள். கொதி வந்து 6 நிமிடத்திலிருந்தே பார்க்க ஆரம்பியுங்கள். முள்கரண்டி குத்தினால் லேசாகத் தடுத்து உள்ளே இறங்க வேண்டும். தூக்கினால் துண்டு உடையாமல் முள்ளிலேயே நிற்க வேண்டும். பச்சையில் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்த துண்டின் ஓரம் அந்த நேரத்தில் லேசாகக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும், நடுவில் வெள்ளை மிஞ்சியிருக்கும். அதுதான் இறக்க வேண்டிய இடம். உடனே வடித்துவிடுங்கள். சூடான தண்ணீரிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் வெந்துகொண்டே இருக்கும்.

சர்க்கரை, வினிகர், பாகுக்கான தண்ணீர் மூன்றையும் கலந்து, கிராம்பையும் பட்டையையும் மெல்லிய வெள்ளைத் துணியில் முடிச்சாகக் கட்டிப் போட்டு 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். துண்டுகள் மேல் ஊற்றி, எலுமிச்சை வட்டங்களைப் போட்டு, ஆறியதும் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். இந்த ராத்திரி ஊறலைத் தவிர்த்துவிடாதீர்கள். பாகு மெதுவாக உள்ளே போனால் துண்டு உப்பிய மாதிரி நிற்கும், அவசரப்படுத்தினால் சுருங்கும். மறுநாள் எல்லாவற்றையும் சேர்த்துச் சிறு தீயில் ஒரு மணி நேரம். தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் குமிழி வந்தால் போதும். முடிவில் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல், முழுக்கத் தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவ வேண்டும்.

பாத்திரம் எவர்சில்வராகவோ பூச்சு உதிராத எனாமலாகவோ இருக்கட்டும். செம்பு, பித்தளை, இரும்பு வேண்டாம். வினிகர் அதோடு வினை புரிந்து நிறமும் ருசியும் கெடும், செம்பும் பித்தளையும் உடம்புக்கும் ஆகாது. மசாலாவைத் தூளாகப் போட்டால் பாகு சேறாகும். கிராம்பு முடிச்சைக் கடைசிவரை ஜாடியிலேயே விட்டால் கசக்கும்; பட்டைத் துண்டை மட்டும் ஜாடியில் போடுங்கள்.

இவ்வளவு சர்க்கரையா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஆமாம், இது இனிப்பு ஊறுகாய், ஒரு வேளைக்கு இரண்டு துண்டு தின்பது. ஃபிரிட்ஜில் வைப்பதென்றால் 400 கிராமாகக் குறையுங்கள், துண்டு கொஞ்சம் மென்மையாக இருக்கும். வெளியில் வைக்கப் போகும் ஜாடியில் மட்டும் 5 சதவீத வினிகருக்கும் தண்ணீருக்கும் உள்ள சரிபாதி விகிதத்தை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். புளிப்பு தூக்கல் என்று தோன்றினால் சர்க்கரையைக் கூட்டுங்கள், வினிகரைக் குறைக்காதீர்கள். தர்பூசணி அமிலம் குறைந்த காய். மூடிய ஜாடிக்குள் காற்று இல்லாமல், பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; எண் கூடினால் புளிப்பு குறைவு) 4.6க்கு மேல் இருந்தால் பாட்டுலினம் கிருமி வளர்ந்து நஞ்சு உண்டாக்க முடியும். அந்த நஞ்சு வாசனையிலோ ருசியிலோ தெரிந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. அதைத் தடுத்து நிறுத்துவது இந்த வினிகர்தான். கொதிக்கும்போது பாகு வற்றிவிட்டால் வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதே விகிதத்தில் கொஞ்சம் புதுப் பாகு காய்ச்சிச் சேருங்கள். காய்ந்த மிளகாய் ஒன்றிரண்டு போடலாம். பச்சைப் பூண்டும் வெங்காயமும் இந்த ஜாடியில் வேண்டாம், அவையும் அமிலம் குறைந்தவை.

இங்கே ஒரு வருத்தத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சமையல் காணொளிகளில் "ஒரு கப் வினிகர்" என்கிறார்கள். எந்தக் கப், எத்தனை சதவீத வினிகர்? பாட்டிலில் அந்தச் சதவீதத்தை எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் பின்பக்கம் அச்சடிக்கிறார்கள்; சிலவற்றில் தேடினாலும் கிடைக்காது. உணவைப் பாதுகாக்கும் ஒரு பொருளில் முதலில் தெரிய வேண்டிய எண் அதுதான். சதவீதம் போடாத பாட்டிலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். 4 சதவீதம்தான் கிடைக்கிறது என்றால் கணக்கு இது: 5 சதவீதத்தில் 240 மில்லி என்பது 12 கிராம் அமிலம். 4 சதவீதத்தில் அதே 12 கிராம் வர 300 மில்லி வேண்டும். பாகுத் தண்ணீரை 180 மில்லியாகக் குறைத்தால் மொத்தம் அதே 480. வீட்டில் புளிக்கவைத்த வினிகரின் சதவீதத்தை நாக்கால் அளக்க முடியாது, ஆகவே அது கூடாது. "எவ்வளவோ வருஷமாக அளக்காமல்தான் போடுகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது வருவார்கள். ஆகாமல் இருந்தது நல்லது. அதை நம்பி இன்னொருவருக்கு அளவில்லாத குறிப்பைக் கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

சுண்ணாம்புக் கேள்விக்கு வருகிறேன். உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் துண்டு நிஜமாகவே மொறுமொறுப்பாகும். கால்சியம் காயில் இருக்கும் பெக்டின் என்ற நார்ப்பொருளோடு சேர்ந்து இறுக்குவதுதான் காரணம். ஆனால் சுண்ணாம்பு காரம். துண்டுக்குள் தங்கினால் வினிகரின் அமிலத்தை முறித்துவிடும், மேலே சொன்ன பாதுகாப்பே போய்விடும். போடுவதென்றால் ஊறிய தண்ணீரைக் கொட்டி, அலசி, புதுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட வேண்டும். கொட்டி, அலசி, ஊறவிடுவதை மூன்று தடவை செய்ய வேண்டும், ஒன்றையும் விடக் கூடாது. அலுமினியப் பாத்திரத்தில் செய்யக் கூடாது. என் கருத்து, உங்களுக்கு இது தேவையில்லை. உங்கள் பிரச்சினை வேகவைத்த நேரத்தில் இருக்கிறது. ஐஸ் தண்ணீரே போதும்.

வெளியில் எத்தனை நாள் என்றால், மூடி போட்டு வெந்நீரில் பதப்படுத்தாத ஜாடியை வெளியில் வைக்கவே வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் முடியுங்கள். அலமாரியில் வைக்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள கண்ணாடி ஜாடியும் புது மூடியும் வேண்டும். சூடான ஜாடியில் சூடான துண்டுகளை நெருக்காமல் போட்டு, கொதிக்கும் பாகை ஊற்றி, மேலே அரை அங்குலம் இடம் விடுங்கள். ஜாடி ஓரமாக ஒரு மரக்குச்சியை இறக்கிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, வாயை ஈரத் துணியால் துடைத்து மூடுங்கள். மூடிக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூழ்கவைத்து, தண்ணீர் கொதித்ததிலிருந்து 10 நிமிடம். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் இருப்பவர்களுக்கு 15 நிமிடம், 1800 மீட்டருக்கு மேல் 20 நிமிடம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஜாடியைக் கவிழ்த்து வைத்தாலே மூடி பிடித்துக்கொள்ளும் என்பார்கள். மூடி பிடிக்கலாம், கிருமி சாகாது.

எடுத்த ஜாடிகளை 12 முதல் 24 மணி நேரம் அசைக்காமல் விட்டு, மூடி நடுவில் அழுத்துங்கள். டக்கென்று உள்ளே போய் மீண்டு வந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அதை ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். பிடித்தது இருட்டான, குளிர்ந்த இடத்தில் ஒரு வருஷம்வரை நல்ல ருசியில் இருக்கும். போட்ட அன்றைக்கே தின்றால் வினிகர் தனியாக, சர்க்கரை தனியாக நாக்கில் தெரியும். மூன்று நாலு வாரம் பொறுத்தால் சேர்ந்துவிடும். திறந்த பிறகு ஃபிரிட்ஜில்தான்.

மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது நுரைத்துப் பீறிட்டாலோ, மேலே பூஞ்சை இருந்தாலோ ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பூஞ்சையை மட்டும் கரண்டியால் எடுத்துவிட்டுத் தின்னச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பூஞ்சை அமிலத்தைத் தின்று வளரக்கூடியது. அது இருந்த ஜாடியில் புளிப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

ஏற்கெனவே கூழாகிப்போனதை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். கெடாமல் ஃபிரிட்ஜில் இருக்கிறதென்றால் மசித்துப் பாகோடு கெட்டியாகக் காய்ச்சி, பத்து நாளைக்குள் ஜாம் மாதிரித் தொட்டுக்கொள்ளுங்கள். ரப்பரானதை மீட்க வழியில்லை. பாகை வடித்து வைத்துக்கொண்டு, துண்டுகளைக் கடுகளவு பொடியாக நறுக்கினால் மெல்ல முடியும்.